மின்சாரம் நின்றால் கதவு என்ன செய்ய வேண்டும்?

பாளையங்கோட்டையைச் சுற்றியுள்ள அலுவலகங்களுக்கும் மருத்துவமனைகளுக்கும் கடைகளுக்கும் மின்பூட்டு பொருத்திக் கொடுப்பது என் தொழில். கட்டட உரிமையாளர்கள் முதலில் விலையைக் கேட்பார்கள். அடுத்ததாக, கதவு விரல் ரேகையில் திறக்குமா, அட்டையில் திறக்குமா என்று கேட்பார்கள். நான் அவர்களிடம் முதலில் கேட்பது வேறொன்று: மின்சாரம் நின்றுவிட்டால் இந்தக் கதவு தானே திறந்துகொள்ள வேண்டுமா, அல்லது பூட்டியபடியே இருக்க வேண்டுமா? இதற்கு விடை தெரியாமல் எந்தப் பூட்டையும் தேர்ந்தெடுக்க முடியாது.

மேக்னடிக் லாக் என்று நாம் சொல்லும் மின்காந்தப் பூட்டு, மின்சாரம் ஓடும் வரைதான் கதவைப் பிடித்திருக்கும். மின்சாரம் நின்ற கணமே விட்டுவிடும். மக்கள் வெளியேறும் வழிக்கு இது பொருத்தமானது. ஆனால் விலையுயர்ந்த பொருளோ ஆவணங்களோ இருக்கும் அறைக்கு இதை மட்டும் நம்புவது தவறு என்பதை 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த பெருமழை எனக்குத் தெளிவாகக் காட்டியது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் பெய்த அந்த மழையில், தாமிரபரணிக் கரையோரத் தாழ்வான பகுதிகளில் மின்சாரம் வர நாட்கள் ஆயின. மின்சாரம் நின்றால் கைகொடுக்க வைக்கும் 12 வோல்ட், 7 ஆம்பியர்-மணி பேட்டரி ஒன்று, அரை ஆம்பியர் இழுக்கும் பூட்டைக் கணக்குப்படி 14 மணி நேரம் தாங்க வேண்டும். அட்டை படிக்கும் கருவியும் கட்டுப்பாட்டுப் பலகையும் அதே பேட்டரியில் இருந்து, பேட்டரிக்கும் இரண்டு வயது ஆகியிருந்தால், பாதி நேரம் தாங்குவதே பெரிது. நான் பராமரிக்கும் ஓர் அலுவலகத்தில் மூன்றாம் நாள் போய்ப் பார்த்தபோது ஆவண அறைக் கதவு யாரும் தொடாமலே திறந்து கிடந்தது. எதுவும் களவு போகவில்லை. ஆயினும் அந்த அறைக்கு வேறு வகைப் பூட்டு வேண்டும் என்று நான் முன்பே வற்புறுத்தியிருக்க வேண்டும்.

அந்த வேறு வகை, எலக்ட்ரிக் ஸ்ட்ரைக். கதவின் தாழ் நாக்கு போய் உட்காரும் நிலைப்பகுதியை மின்சாரத்தால் விடுவிக்கும் அமைப்பு இது. மின்சாரம் நின்றாலும் பூட்டியே இருக்கும் ஃபெயில் செக்யூர் வகையை வாங்கினால் வெளியிலிருந்து சாவி இல்லாமல் நுழைய முடியாது. உள்ளே இருப்பவர் எப்போதும்போல் கைப்பிடியைத் திருப்பி வெளியே வரலாம். தீத்தடுப்புக் கதவுகளுக்கும் இதுவே சரி, ஏனெனில் தீ பரவாமல் நிறுத்த அந்தக் கதவு தாழ் விழுந்தே நிற்க வேண்டும். வெளியேறும் வழியில் மேக்னடிக் லாக் வைப்பதென்றால், தீ எச்சரிக்கை மணி ஒலித்ததும் அதன் மின்சாரம் அறுபட வேண்டும். வெளியேறும் பொத்தானும் கட்டுப்பாட்டுப் பலகையைக் கேட்டுக்கொண்டிராமல் பூட்டுக்குப் போகும் கம்பியையே நேரடியாகத் துண்டிக்க வேண்டும். இந்த இரண்டிலும் நான் யாருக்காகவும் விட்டுக்கொடுப்பதில்லை.

பழுது பார்ப்பதில் எனக்குப் பெரிய பாடம், ஒரு தனியார் மருத்துவமனையின் மூன்றாம் தளத்து மருந்துக் கிடங்குக் கதவு. "அண்ணாச்சி, ரெண்டு பூட்டு மாத்தியாச்சு, தோளக் கொடுத்துத் தள்ளுனா திறந்துருது" என்றார் அங்குள்ள பராமரிப்பாளர். பவர் சப்ளையில் 12.1 வோல்ட் இருந்தது. எனக்கு முன்னால் வந்தவர், பூட்டின் கம்பியைக் கழற்றிவிட்டு அதன் முனையில் அளந்திருக்கிறார். அங்கும் 12 காட்டியிருக்கிறது. மின்சாரம் ஓடாத கம்பியில் மின்னழுத்தம் குறையாது, ஆகவே அந்த அளவு எதையும் சொல்லாது. பூட்டு பிடித்திருக்கும் நிலையிலேயே அதன் முனையில் மல்டிமீட்டரை வைத்தேன்; எட்டரை வோல்ட்தான் இருந்தது. தரைத்தளத்திலிருந்து ஏறத்தாழ 60 மீட்டர் தூரத்துக்குக் கணினி வலையமைப்புக் கேபிளின் ஒற்றை இணையில் மின்சாரம் கொண்டுபோயிருந்தார்கள். போகவும் வரவும் 120 மீட்டர் மெல்லிய கம்பி, சுமார் 10 ஓம் தடை. மின்னழுத்தத்தில் கால் பங்குக்கு மேல் வழியிலேயே அது விழுங்கிவிட்டது.

ஒன்றரை சதுர மில்லிமீட்டர் கம்பி இழுத்ததும் பூட்டின் முனையில் 11.4 வோல்ட் வந்தது. ஆனாலும் பலமாகத் தள்ளினால் கதவு விட்டது. 280 கிலோ தாங்க வேண்டிய பூட்டு இப்படி விடுகிறதென்றால் தகட்டைப் பார்க்க வேண்டும் என்று ஏணி போட்டு ஏறினேன். கதவில் மாட்டும் ஆர்மேச்சர் தகடு நடுப்போல்ட்டில் சற்றே அசைந்து, காந்தத்தின் முகத்தோடு தானே ஒட்டிப் படிய வேண்டும். அதற்காகத்தான் பின்னால் ரப்பர் வாஷர் தருகிறார்கள். அங்கே போல்ட்டை முழுதும் முறுக்கியிருந்ததால் வாஷர் நசுங்கி, தகட்டின் ஓர் ஓரம் மட்டுமே காந்தத்தைத் தொட்டுக்கொண்டிருந்தது. அரைச்சுற்றுத் தளர்த்தியதும் கதவு அசையவில்லை. புதிதாக வாங்கிய இரண்டு பூட்டுகளும் வீண்செலவு.

ஸ்ட்ரைக் பூட்டுக்கு நம் ஊரில் தனியாக ஒரு பகை உண்டு. ஆடி மாதத்தில் மேலக்காற்று அடிக்கும்போது, மேற்குப் பார்த்து நின்று உள்பக்கமாகத் திறக்கும் கதவைக் காற்று விடாமல் உள்பக்கம் தள்ளிக்கொண்டே இருக்கும். அந்த அழுத்தத்தில் தாழ் நாக்கு ஸ்ட்ரைக்கை இறுக்கிப் பிடிக்க, அதன் உள்ளிருக்கும் மின்காந்தச் சுருளுக்கு மின்சாரம் வந்தாலும் அது விடுபடாது. ஆலங்குளத்துப் பக்கம் ஓர் அலுவலகத்தில், அட்டை காட்டினால் ஸ்ட்ரைக் இரைகிறது, கதவு மட்டும் திறக்கவில்லை என்று அழைத்தார்கள். கதவை ஒரு கையால் வெளிப்பக்கம் இழுத்துப் பிடித்துக்கொண்டு அட்டையைக் காட்டச் சொன்னேன், உடனே திறந்தது. பூட்டில் பழுதில்லை. இத்தகைய இடத்துக்கு, பக்கவாட்டு அழுத்தம் இருந்தாலும் விடுவிக்கும் ஸ்ட்ரைக்கைக் கேட்டு வாங்க வேண்டும்.

அட்டைக் கருவிக்குள் பூட்டின் மின்சாரத்தை இணைத்துத் துண்டிக்கும் சுவிட்சான ரிலே அடிக்கடி ஒட்டிக்கொண்டால், பூட்டுச் சுருளின் குறுக்கே டயோடு, அதாவது மின்சாரத்தை ஒரு திசையில் மட்டும் விடும் உறுப்பு, போட்டிருக்கிறார்களா என்று பாருங்கள். மின்சாரம் அறுபடும்போது சுருள் எதிர்த்து எழுப்பும் மின்னழுத்தம்தான் ரிலேயின் முனைகளைத் தீய்க்கிறது. டயோடைத் திசை மாற்றி இணைத்தால் பவர் சப்ளை ஷார்ட் சர்க்யூட் ஆகிவிடும்.

வேலை முடிந்ததும் உரிமையாளரைக் கூட அழைத்துக்கொண்டு மெயினை அணைக்கிறேன். பேட்டரிக் கம்பியையும் கழற்றுகிறேன். பிறகு இருவரும் ஒவ்வொரு கதவாகப் போய், எது திறக்கிறது, எது பூட்டியிருக்கிறது, உள்ளிருந்து வெளியே வர முடிகிறதா என்று கையால் தள்ளிப் பார்க்கிறோம். அதன் பிறகே கையெழுத்து வாங்குகிறேன்.