மாலி மன்னரின் ஹஜ்

மன்சா மூசா என்றாலே பேச்சு தங்கத்துக்குப் போய்விடும். உலகத்திலேயே பெரிய பணக்காரர் என்று அளந்து விடுவார்கள். அவர் ஒரு ஹாஜி என்பது அதில் அடிபட்டுப் போகிறது.

மேற்கு ஆப்பிரிக்காவில் மாலியை ஆண்டவர், 1324-இல் பெரும் பரிவாரத்தோடு சஹாராவைக் கடந்து வந்தார். லேசுப்பட்ட பாலைவனமா அது? 1352-இல் சஹாராவில் பயணித்த மொரோக்கோ பயணி இப்னு பதூதா, தகாஸா என்ற ஊரைப் பற்றி எழுதியிருக்கிறார்: மரமே கிடையாது. வீடும் பள்ளிவாசலும் உப்புப் பாளங்களால் கட்டியவை, மேலே ஒட்டகத் தோல் கூரை. தண்ணீரும் கரிப்பு, ஈத் தொல்லை வேறு.

ஜூலையில் மூசா கெய்ரோவை அடைந்தார். எகிப்து சுல்தான் நாசிர் முஹம்மதைப் பார்க்க வரச் சொன்னபோது மறுத்துவிட்டார். "நான் ஹஜ்ஜுக்கு வந்தவன், அதோடு வேறெதையும் கலக்க மாட்டேன்" என்றாராம். நிய்யத்தில், அதாவது வந்த நோக்கத்தில், அப்படி ஒரு கவனம். அரண்மனைக்குப் போனால் சுல்தான் முன் தரையை முத்தமிட வேண்டுமே என்ற தயக்கமும் இருந்தது. அழைக்கப்போன அதிகாரிக்கு அது புரிந்துவிட்டது. ஆனாலும் விடாமல் வற்புறுத்திக் கூட்டிப் போனார். அங்கே தரையை முத்தமிடச் சொன்னதும், "அதெப்படி முடியும்?" என்று நின்றுவிட்டார் மூசா. கூட வந்தவர் ஒருவர் காதில் ஏதோ சொன்னார். அப்புறம், "என்னைப் படைத்த அல்லாஹ்வுக்கே சுஜூது செய்கிறேன்" என்று சொல்லிவிட்டுத் தலையைத் தரையில் வைத்தார். சுல்தான் பாதி எழுந்து வரவேற்றுப் பக்கத்தில் உட்கார வைத்தார்.

இதையெல்லாம் அந்த அதிகாரியிடமே கேட்டு எழுதியவர் வரலாற்றாசிரியர் அல்-உமரி. அவர் சொல்லும் இன்னொன்று எனக்கு இதைவிடப் பெரிதாகப் படுகிறது. குடிமக்களின் அழகான மகள்களை நிக்காஹ் இல்லாமலே அரசர் வைத்துக்கொள்வது அன்று மாலியில் வழக்கமாக இருந்தது. அது மார்க்கத்தில் கூடாது என்று இன்னொரு அதிகாரி, இப்னு அமீர் ஹாஜிப், சொன்னார். "அரசர்களுக்குமா?" என்றார் மூசா. "அரசர்களுக்கும்தான். ஆலிம்களை, மார்க்க அறிஞர்களை, கேட்டுப் பாருங்கள்." எனக்குத் தெரியாமல் போயிற்றே, இந்த நிமிடமே விட்டேன் என்றார்.

சரி, தங்கம்? வாரி வழங்கியதில் கெய்ரோவில் அதன் விலையே சரிந்தது. ஒரு மித்கால் (அன்றைய எடை அளவு) தங்கம் 25 திர்ஹத்துக்கு (வெள்ளிக் காசு) குறையாமல் இருந்தது; அது 22-க்கும் கீழே இறங்கி, 12 வருடமாகியும் ஏறவில்லை. ஹஜ்ஜை முடித்துத் திரும்பும்போது அவர் கையில் காசில்லை. கெய்ரோ வியாபாரிகளிடம் கடன் வாங்கினார். 300 தினார் கொடுத்தவர்களுக்கு 700 லாபமாம். ஊர் போய்ச் சேர்ந்ததும் அதையும் அனுப்பி வைத்தார்.