அம்மாவும் ஆர்ச்சஸும் அடியில கிடக்கற உப்பும்

போன அக்டோபர்ல டென்வர்லேருந்து கார் எடுத்துட்டு அமெரிக்காவுல யூட்டா மாநிலம் பக்கம் அஞ்சு நாள் சுத்துனோம், ஊர்லேருந்து அம்மா வந்திருந்தாங்க. பிரைஸ் கேன்யன், காப்ளின் வேலி எல்லாமே அழகு தான், ஆனா எனக்கு மனசுலயே நிக்கறது மோவாப் பக்கத்துல இருக்கற ஆர்ச்சஸ் நேஷனல் பார்க்.

அங்க 2,000க்கும் மேல கல் வளைவு இருக்கு. யூட்டா நம்பர் பிளேட்ல வர்ற டெலிகேட் ஆர்ச்சுக்கு போய்ட்டு வர 4.8 கிலோமீட்டர், மொட்டைப் பாறைல ஏறணும், நிழலே கிடையாது, அம்மா முட்டிக்கு ஆகாதுன்னு லேண்ட்ஸ்கேப் ஆர்ச்சுக்கு கூட்டிட்டு போனேன். தயவுசெஞ்சு அத விட்றாதீங்க. 93 மீட்டர் நீளம், நடுவுல அவ்ளோ மெலிசு, எப்டி நிக்குதுன்னே புரியல. 1991 செப்டம்பர்ல அதுலேருந்து 18 மீட்டர் நீளத்துக்கு ஒரு பாளம் பேந்து விழுந்துச்சு, கீழ இருந்தவங்க சத்தம் கேட்டு ஓடித் தப்பிச்சாங்க. இப்ப அடியில போக விடறதில்ல, தள்ளி நின்னு தான் பாக்கணும். அதே பாதைல இன்னும் கொஞ்சம் தள்ளி இருந்த வால் ஆர்ச் 2008 ஆகஸ்ட்ல ஒரே ராத்திரில மொத்தமா விழுந்துடுச்சு.

இதெல்லாம் எப்டிடா வந்துச்சுன்னு அம்மா கேட்டாங்க. உப்பு தான்மான்னேன். அம்மா வேதாரண்யம், தாத்தா உப்பளத்துல வேல பாத்தவரு, அதனால உடனே நின்னுட்டாங்க. சுமார் 30 கோடி வருஷத்துக்கு முன்னாடி இங்க கடல் உள்ள வந்து காஞ்சு, திரும்ப வந்து காஞ்சு, உப்பு படிஞ்சுகிட்டே போச்சு. "பாத்தில தண்ணி கட்டி வத்த விடற மாதிரியா?"ன்னாங்க. அதே தான்மா. அதுக்கு மேல மணல் மூடி கல்லாச்சு, அந்த பாரத்துல உப்பு பிதுங்கி மெல்ல நகர்ந்து மேல புடைக்க, கல்லு வரிசை வரிசையா வெடிச்சுது, வெடிப்புல மழத்தண்ணி எறங்கி அரிச்சு மதில் மதிலா நின்னுச்சு, தண்ணி குளிர்ல உறைஞ்சு உறைஞ்சு கல்ல செதில் செதிலா பேத்து ஓட்டை போட்டுச்சு. எத்தனையோ தடவ படிச்சது தான், அம்மாவுக்கு சொல்லும்போது தான் எனக்கே வெளங்குச்சு.

"அந்த உப்பு இன்னும் கீழ கெடக்கா?"

கெடக்கு. மறுநாள் டெட் ஹார்ஸ் பாயிண்ட்ங்கற மலை விளிம்புலேருந்து காட்டுனேன். கீழ கொலராடோ ஆறு வளைஞ்சு போகுது, கொஞ்சம் தள்ளி செம்மண்ணுக்கு நடுவுல பளீர்னு நீலமா பாத்திங்க. பூமிக்கடியில தண்ணிய விட்டு பொட்டாஷையும் (உரத்துக்கு போடற பொட்டாசியம் உப்பு) சாதா உப்பையும் கரைச்சு மேல கொண்டுவந்து வெயில்ல காய வெக்கறாங்க, சூட்ட நல்லா இழுத்து சீக்கிரம் காயணும்னு நீலச்சாயம் கலக்கறாங்க.

எல்லாரும் ஆத்து வளைவ போட்டோ எடுத்துட்டு இருந்தாங்க. அம்மா கம்பிய புடிச்சுகிட்டு அந்த பாத்திங்களையே பாத்துட்டு நின்னாங்க, வரப்பு நல்லா கட்டிருக்காங்கடான்னாங்க.