மலைமேல் இருக்கிற பழைய வீடு

திண்டுக்கல் மலைக்கோட்டையின் உச்சியில் ஒரு கோயில் இருக்கிறது. உள்ளே சாமி இல்லை. அங்கே போகவேண்டும் என்று நான் சொன்னபோதெல்லாம், "சாமி இல்லாத கோயிலுக்கு எதுக்கு வெயில்ல ஏறணும்?" என்று வீட்டில் கேட்டார்கள். பெரியம்மா மட்டும் கேட்கவில்லை. "எப்ப போற, நானும் வர்றேன்" என்றார். வயது 68, இரண்டு முட்டியிலும் வலி. திண்டுக்கல்லில் பிறந்து வளர்ந்து மதுரைக்கு வாழ வந்தவர். சின்னப்பிள்ளையில் ஏறியது, அதற்கப்புறம் ஏறவே இல்லையாம்.

தை மாதத்து ஞாயிற்றுக்கிழமை, விடியற்காலை பஸ். ஊர் நெருங்கும்போதே மலை தெரிந்துவிட்டது. மரம் மட்டையில்லாத மொட்டைப் பாறை. யாரோ சாய்ந்துகொள்ளப் போட்டுவைத்த திண்டு மாதிரி இருப்பதால்தான் ஊருக்குத் திண்டுக்கல் என்று பேர் வந்தது என்பார்கள். மலைக்கு இன்னொரு பேர், பத்மகிரி.

முதலில் அடிவாரத்துக் கோட்டை மாரியம்மன். மாசித் திருவிழாவில் ஊரே திரளும் சந்நிதி, அன்று காலையில் கூட்டமில்லாமல் இருந்தது. பெரியம்மா சுற்றி வளைக்கவில்லை. "ஏறி எறங்குற வரைக்கும் முட்டியப் பாத்துக்க தாயீ" என்றார், அவ்வளவுதான்.

கோட்டை தொல்லியல் துறையின் பராமரிப்பில் இருக்கிறது. டிக்கெட் எடுக்கும்போதுதான் பெரியம்மாவின் பையைப் பார்த்தேன். அகல், திரி, நெய், சூடம், தீப்பெட்டி எல்லாம் இருந்தன. மேலே நெருப்பு ஏற்றக்கூடாது என்றார் வாசலில் இருந்தவர். சண்டைதான் என்று நினைத்தேன். "சரிப்பா, கீழ வந்து ஏத்திக்கிறேன்" என்று பையை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டார்.

பாறையிலேயே வெட்டிய படிகள். தனியாக என்றால் அரை மணி நேரத்தில் ஏறியிருப்பேன். பெரியம்மாவோடு ஒன்றே கால் மணி நேரம் ஆனது. மதிலின் நிழல் விழுந்த இடத்திலெல்லாம் உட்கார்ந்தோம். "யாரு கட்டுனது இத்தாம் பெரிசா?" என்று கேட்டார். 1605 வாக்கில் மதுரை முத்துக்கிருஷ்ணப்ப நாயக்கர் தொடங்கினார், திருமலை நாயக்கர் பலப்படுத்தினார், 1755-இல் மைசூரிலிருந்து ஹைதர் அலி இங்கே பொறுப்புக்கு வந்தார், அவருக்குப் பின் திப்பு, 1792 ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையோடு வெள்ளைக்காரனுக்குப் போய்விட்டது என்று படித்துவந்ததை ஒப்பித்தேன். நாட்டை இழந்த வேலு நாச்சியார் இந்தப் பக்கம் தங்கியிருந்துதான் ஹைதரிடம் படை உதவி கேட்டார் என்றதும் பெரியம்மா நிமிர்ந்து உட்கார்ந்தார். அதுவரை கேட்டதெல்லாம் சும்மா தலையாட்டல்.

"அத்தன பேரும் இதப் பூட்டித்தான வச்சாங்க? ஒருத்தருக்கும் நிக்கல. எங்கப்பா செஞ்ச பூட்டு இன்னும் வீட்டுல கெடக்கு, சாவி போட்டா தொறக்கும்." தாத்தா பூட்டுப் பட்டறையில் வேலை பார்த்தவர். திண்டுக்கல்காரர்களிடம் பூட்டைப் பற்றி மறுபேச்சு பேசக்கூடாது.

உச்சிக்குப் போனதும் காற்று ஆளைத் தள்ளியது. ஒரு பக்கம் சிறுமலை, மேற்கே மங்கலாகக் கொடைக்கானல் மலைத்தொடர், கீழே ஊர். வெடிமருந்துக் கிடங்கு, பீரங்கி மேடு, மழைத்தண்ணீர் தேங்கிய சுனைகள் எல்லாவற்றையும் பார்த்தோம். அவற்றைப் பற்றிச் சொல்ல எனக்கு அதிகமில்லை. நான் பார்க்க வந்தது கோயிலை.

கல்மண்டபம், வேலைப்பாடு உள்ள தூண்கள், அப்புறம் கருவறை. கண் இருட்டுக்குப் பழகும்வரை நின்றோம். பழகிய பிறகும் பார்க்க ஒன்றுமில்லை. கல்தரை, வவ்வால் நாற்றம். கோட்டையில் படை நடமாட்டம் மிகுந்த காலத்தில் பத்மகிரீஸ்வரரையும் அபிராமியையும் கீழே ஊருக்குள் கொண்டுபோய்விட்டார்கள் என்று ஊரில் சொல்கிறார்கள். கைகூப்பலாமா வேண்டாமா என்று எனக்குத் தெரியவில்லை. யாரைப் பார்த்துக் கும்பிடுவது? பக்கத்தில் நான்கு பையன்கள் செல்ஃபி எடுத்துக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கு முன்னால் கும்பிடக் கூச்சமாகவும் இருந்தது என்பதை ஒத்துக்கொள்ள வேண்டும்.

பெரியம்மா செருப்பை வெளியிலேயே விட்டிருந்தார். தலையில் இருந்த மல்லிகையில் ஒரு கண்ணி கிள்ளி வாசற்படியில் வைத்தார். கண்ணை மூடவில்லை. உள்ளே மேலும் கீழும் நன்றாகப் பார்த்தார். கூரையைப் பார்த்தார். ஒரு தூணைத் தடவினார். பிறகு வெளியே வந்து கோயிலை ஒரு சுற்று சுற்றினார். அந்தக் காற்றில் சேலையைப் பிடித்துக்கொண்டு நடக்கவே ஐந்து நிமிஷம் ஆனது.

"என்ன பெரியம்மா வேண்டிக்கிட்டீங்க?"

"வேண்டுறதுக்கு அவ இங்கயா இருக்கா? பூர்வீக வீட்டுக்குப் போனா வேண்டவா செய்வோம்? சுத்திப் பாத்துட்டு வர்றதுதான்."

தாத்தா வீட்டை விற்று இருபது வருஷம் ஆகிறது. அதன் வழியாகப் போகவேண்டும் என்று அன்று பெரியம்மா கேட்கவில்லை, நானும் பேச்செடுக்கவில்லை.

இறங்குவதுதான் முட்டிக்குச் சோதனை. என் தோளைப் பிடித்தபடி பக்கவாட்டில் ஒவ்வொரு படியாக இறங்கினார். விரத நாள் என்பதால் பிரியாணி வாசத்தையெல்லாம் தாண்டிப் போய்த் தயிர்சாதம் சாப்பிட்டோம். திண்டுக்கல்லுக்கு வந்து இப்படி ஒரு சாப்பாடு.

சாயங்கால நடை திறந்ததும் ஊருக்குள் இருக்கும் அபிராமி அம்மன் கோயில். இங்கே இரண்டு ஜோடி: காளஹஸ்தீஸ்வரர் ஞானாம்பிகை, மலையிலிருந்து வந்த பத்மகிரீஸ்வரர் அபிராமி. பெரியம்மா சிறுமலைப் பழம் வாங்கி அர்ச்சனைக்குக் கொடுத்தார். காலையில் மேலே ஏற்ற முடியாத அகலை விளக்கேற்றும் இடத்தில் ஏற்றினார். பிறகு அபிராமி சந்நிதிக்கு வந்து கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். தீபாராதனை முடிந்து குங்குமம் வாங்கியாயிற்று. பின்னால் ஆட்கள் காத்திருந்தார்கள். நகராமல், பக்கத்து வீட்டுக்காரியிடம் பேசுவதுபோல மெல்லச் சொன்னார்:

"மேல போய்ட்டு வந்தோம் தாயீ. வீடு நல்லாத்தான் இருக்கு, கூரை ஒழுகல. வவ்வாதான் கொஞ்சம் சாஸ்தி."