நாலாவது சுற்றில் காணாமல் போன பிரேக்

சக்கரத் தட்டைக் கவ்விப் பிடிக்கும் பிரேக் காலிப்பரில், பழைய பிரேக் ஆயிலை வடிக்கத் திறக்கிற நிப்பிள் என்று ஒரு சின்ன சாமான் இருக்கும். சுண்டுவிரல் நுனி அளவு. கடையில் ஐம்பது ரூபாய்க்குள் கிடைக்கும். அதைத் திறக்கப் பயந்து விட்டதற்காக நாகர்கோவிலில் இருந்து கோவைப் பந்தய டிராக் வரை ஒருமுறை வீணாகப் போய்வந்தேன். போக வர 900 கிலோமீட்டர். எரிச்சல் இன்னும் தீரவில்லை. தீர்வதற்குள் எழுதிவிடுகிறேன்.

வண்டி 2009 மாடல் ஃபோர்டு ஃபியஸ்டா 1.6 எஸ். நூறு குதிரைத்திறனுக்குக் கொஞ்சம் மேலே. இன்றைய டர்போ கார்களுக்கு முன்னால் அது பெரிய எண் இல்லைதான். ஆனால் ஸ்டீயரிங்கைப் பிடித்தால் முன்சக்கரத்தையே கையில் பிடித்த மாதிரி இருக்கும், அதற்காகத்தான் வாங்கினேன். குளச்சல் பக்கம் கடலுக்கு மூன்று தெரு தள்ளி, கூரை இல்லாமல் பல வருஷம் நின்ற வண்டி. விலை ஏன் அவ்வளவு குறைவு என்பது வாங்கும்போது உறைக்கவில்லை. பெயர் மாற்றமும், பதினைந்து வருஷம் ஆனதால் ஆர்.சி. புதுப்பிப்பும் தகராறு இல்லாமல் முடிந்தன; அதற்கான 5,000 ரூபாய் கட்டணம்தான் கொஞ்சம் கடித்தது.

வண்டியைத் தவிர்த்து 50,000 ரூபாய்க்குள் டிராக் டேக்கு, அதாவது பணம் கட்டிச் சொந்தக் காரையே பந்தய டிராக்கில் ஓட்டும் நாளுக்கு, தயார் செய்வது என்று திட்டம். அம்மாவுக்கு இது பிடிபடவே இல்லை. "வளைஞ்சு வளைஞ்சு ஓட்டணும்னா பேச்சிப்பாறைக்குப் போனாப் போதாதா மக்கா, கோயம்புத்தூருக்கு எதுக்கு?" என்று கேட்டாள். நியாயமான கேள்வி. ஆனால் நம் மாவட்டத்தில் நூறு மீட்டருக்கு ஒரு சந்திப்பு, ஐம்பது மீட்டருக்கு ஒரு வீட்டு வாசல். வேகமாக ஓட்ட ஆசைப்படுகிறவனுக்கு மனச்சாட்சி இருந்தால் ஊரைவிட்டுத்தான் போக வேண்டும்.

முதல் முட்டாள்தனம் அலாய் வீல். டிராக்குக்கென்று தனியாக ஒரு செட் இருந்தால் நல்லது என்று எங்கேயோ படித்துவிட்டு, திருவனந்தபுரத்தில் ஒருவர் விற்பதாகப் போட்டிருந்த 15 இஞ்ச் வீல்களைப் பார்க்கப் போனேன். "ஃபோர்டுக்குச் சேருமா?" என்று கேட்டதற்கு, "எல்லாத்துக்கும் சேரும்" என்றார். நாலு நட்டு, நாலு ஓட்டை, எண்ணிக்கை சரியாகத்தான் இருந்தது. 18,000 ரூபாய் கொடுத்து, களியக்காவிளை நெரிசலில் ஒன்றரை மணி நேரம் நின்று, ஊருக்குக் கொண்டுவந்து மாட்டினால் இரண்டாவது நட்டு ஏறவில்லை. ஃபியஸ்டாவின் வீலில் நட்டுகள் அமைந்த வட்டத்தின் விட்டம் 108 மில்லிமீட்டர். மாருதியிலும் ஹூண்டாயிலும் நாலு நட்டு வண்டிகளில் பெரும்பாலும் 100. எட்டு மில்லிமீட்டருக்காக 18,000 ரூபாய் மாடியில் தூங்கியது. இரண்டு மாதம் கழித்து 13,000-க்கு ஒருவர் எடுத்துக்கொண்டார். பழைய வீல் வாங்கப் போகிறவர்கள் ஓட்டை எண்ணிக்கையை எண்ணாதீர்கள், டேப்பை எடுத்துக்கொண்டு போய் அளந்து பாருங்கள். நடு ஓட்டையையும் அளந்து பாருங்கள். என் வண்டிக்கு அது 63.4 மில்லிமீட்டர்.

டயர் விஷயத்தில் மட்டும் தப்பித்தேன். வண்டியோடு வந்த டயர்களில் பள்ளம் நிறைய இருந்தது, புதுசு போலவே இருந்தன. பக்கவாட்டில் நான்கு இலக்க எண்ணைப் பார்த்தால் 2315. அதாவது 2015-ஆம் வருஷம் 23-ஆவது வாரம் செய்தது. ரப்பர் கல்லாகியிருந்தது. நாலும் புதுசு, 24,800 ரூபாய். பட்ஜெட்டில் பாதி போனாலும் இது நல்ல செலவு. செமி ஸ்லிக் (பள்ளம் குறைந்த பந்தய ரக டயர்) ஆசையெல்லாம் முதல் வருஷத்துக்குத் தேவையில்லை.

ரேடியேட்டரைத் திறந்ததும் பழுப்புச் சேறு. முன்னால் வைத்திருந்தவர் கடலோரத்துக் கிணற்றுத் தண்ணீரை ஊற்றியே ஓட்டியிருக்கிறார். உப்புத்தண்ணீர் அலுமினியத்தை என்ன செய்யும் என்று நான் விளக்க வேண்டியதில்லை. புது ரேடியேட்டர் தேவைப்படவில்லை, இரண்டு ஹோஸும் கூலன்ட்டும் மாற்றியதோடு போயிற்று. எஞ்சின் ஆயிலை டிப்ஸ்டிக்கில் மேல்கோடு வரை ஊற்றிக்கொள்ளுங்கள். நீண்ட வளைவில் ஆயில் ஒரு பக்கம் ஒதுங்கும்போது குறைவாக இருந்தால் பம்ப் காற்றைத்தான் இழுக்கும். முன்சக்கரத்தைப் பிடித்திருக்கும் லோயர் ஆர்மின் ரப்பர் புஷ், சக்கரக் கோணத்தைச் சரிசெய்யும் அலைன்மென்ட் எல்லாம் ஒரே நாளில் முடிந்தன.

அப்புறம் பிரேக். பார்வதிபுரத்தில் எங்கள் ஆசான், முப்பது வருஷ மெக்கானிக், முன்பக்கம் சக்கரத் தட்டை உரசி நிறுத்தும் பேட்களைப் புதுசாகப் போட்டார். பிரேக் ஆயிலையும் மாற்றிவிடலாம் என்றேன். அவர் ஸ்பானரை முன் இடது நிப்பிளில் வைத்து ஒரு அழுத்து அழுத்திப் பார்த்துவிட்டுக் கையை எடுத்தார். "இது துருப்பிடிச்சு இறுகியிருக்கு மக்கா. இப்போ திருப்பினா ஒடியும். ஆயில் பாக்க நல்லாத்தான் இருக்கு, ரோட்டுக்குப் போதும்" என்றார். ரோட்டுக்குப் போதும். அந்தச் சொல்லை நான் கவனித்திருக்க வேண்டும். டிராக் நாளுக்கு ஆறு நாள்தான் பாக்கி. தலையாட்டிவிட்டு வந்தேன்.

இடையில் இன்சூரன்ஸ் பற்றி ஒரு வார்த்தை. ஏஜென்டிடம் கேட்டேன், "ஃபுல் கவர் சார், ஒண்ணும் பயப்படாதீங்க" என்றார். பாலிசியை நானே படித்தேன். நம் ஊர் தனியார் கார் பாலிசியில் பயன்பாட்டு வரம்பு என்று ஒரு பகுதி இருக்கும். ஒழுங்கமைக்கப்பட்ட பந்தயம், வேகச் சோதனை போன்றவற்றுக்குக் காப்பீடு இல்லை என்று அதில் தெளிவாகப் போட்டிருக்கும். டிராக் டே பந்தயம் இல்லைதான், ஆனால் டிராக்கில் தடுப்பில் மோதிவிட்டு அந்த வாதத்தை வைத்து நான் கிளெய்ம் வாங்குவேன் என்று நம்பத் தயாராக இல்லை. இடித்தால் என் காசு என்று முடிவு செய்துகொண்டுதான் கிளம்பினேன். திரும்பி ஊர் வருவதற்கும் இதே வண்டிதான் என்பது ஓட்டும்போது நினைவில் இருப்பது நல்லது.

இரவு பதினொரு மணிக்குப் புறப்பட்டு, ஆரல்வாய்மொழியில் காற்று வண்டியைத் தள்ள, மதுரை, திண்டுக்கல் வழியாகக் காலை ஏழு மணிக்குச் செட்டிப்பாளையம். கரி மோட்டார் ஸ்பீட்வே. மாருதி 800 எஞ்சினை வைத்து ஒற்றை இருக்கைப் பந்தயக் கார் உருவாக்கிய கரிவரதனின் பெயரில் இருக்கும் டிராக். குறைந்த காசில் பந்தயம் என்று ஒருவர் யோசித்ததன் பெயரில் அது இருப்பதே எனக்குக் கொஞ்சம் தெம்பாக இருந்தது.

தெம்பு வாசலோடு சரி. வண்டிப் பரிசோதனையில் கேட்ட முதல் கேள்வி, "டோ ஹூக் எங்கே?" பம்பரில் இருக்கும் சின்ன மூடியைத் திறந்து அதில் திருகி மாட்ட வேண்டிய கொக்கி. வண்டி நின்றுபோனால் கட்டி இழுக்க அது வேண்டும். டிக்கியில் ஸ்டெப்னிக்கு அடியில் ஜாக்கி இருக்கிறது, ஸ்பானர் இருக்கிறது, கொக்கியைக் காணோம். பழைய வண்டி வாங்கியவர்கள் இப்போதே போய்ப் பாருங்கள், பாதிப் பேரிடம் இருக்காது. வேறொரு கார்க்காரர் தன்னுடையதைக் கொடுத்தார், அது ஏறவில்லை. ஃபியஸ்டா கொக்கிக்கு இடப்பக்க மரை, வழக்கத்துக்கு எதிராகத் திருக வேண்டும். கடைசியில் பழைய ஃபோர்டு வைத்திருந்த ஒரு கோவைத் தம்பி காப்பாற்றினார். அதற்குள் முதல் செஷன், அதாவது டிராக்கில் ஓட்டுவதற்கு ஒதுக்கிய முதல் நேரம், போய்விட்டது.

இரண்டாவது செஷனில் இறங்கினேன். சுற்று 2.1 கிலோமீட்டர்தான். சின்ன டிராக் என்றால் வண்டிக்கு எளிது என்று நினைத்திருந்தேன், நேர் எதிர். நேர்பாதை நீளமாக இருந்தால் பிரேக் ஆறுவதற்கு நேரம் கிடைக்கும். இங்கே ஒரு வளைவு முடிந்து மூச்சு விடுவதற்குள் அடுத்தது. மூன்று சுற்று சொர்க்கம். நாலாவது சுற்றில் மிதித்தபோது மிதி பஞ்சு மாதிரி அமுங்கித் தரை வரை போனது. கியரைக் குறைத்து, மிதியைப் படபடவென்று நாலைந்து தரம் குத்தி, எப்படியோ வேகத்தைக் கட்டுப்படுத்தினேன். வளைவுக்கு வெளியே இருந்த மண்ணில் இரண்டு சக்கரம் இறங்கியது. அதோடு டிராக் ஓரத்தில் வண்டிகள் நிற்கும் பிட்டுக்குத் திரும்பிவிட்டேன்.

நடந்தது இதுதான். பிரேக் ஆயில் காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சும். டாட் 4 என்ற தர வகை ஆயில் புதுசாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்காது. 3.7 சதவீதம் தண்ணீர் சேர்ந்துவிட்டால் அதே அளவுகோல் 155 டிகிரிக்கு இறங்கிவிடுகிறது. இரண்டு பருவமழையும் கொட்டுகிற மாவட்டத்தில், கடற்கரையில், வருஷக்கணக்கில் மாற்றாத ஆயில் எந்த நிலையில் இருந்திருக்கும்? பார்வைக்கு நல்லாத்தான் இருந்தது. கொதித்தால் குழாயில் ஆவிக்குமிழ். ஆயில் நசுங்காது, ஆவி நசுங்கும். அதனால்தான் கால் தரைக்குப் போகிறது. மிதி கல் மாதிரி இருந்தும் வண்டி நிற்கவில்லை என்றால் அது வேறு வியாதி, பேட் சூடாகிவிட்டது என்று அர்த்தம். இரண்டையும் குழப்பிக்கொண்டு பேட் மாற்றக் கடைக்கு ஓடாதீர்கள். எனக்குப் புது பேட் இருந்தும் இந்தக் கதி.

ஆறியதும் மிதி திரும்பி வந்தது. ஆனாலும் அன்று மறுபடி இறங்கவில்லை. கட்டிய பணம் கட்டியதுதான். மெதுவாக ஓட்டி ஊர் வந்து சேர்ந்தேன்.

இனி நிப்பிள் படலம். ஆசானிடம் வண்டியை விட்டு, "ஒடிஞ்சாலும் பரவாயில்லை" என்றேன். துரு இளக்கும் ஸ்பிரேயை மூன்று நாள், காலையும் மாலையும் அடித்தோம். பின்னால் இரண்டும் திறந்தன. முன் வலதும் திறந்தது. முன் இடது, அவர் அன்று சொன்னபடியே, சத்தமில்லாமல் ஒடிந்தது. அதுவும் மேற்பரப்போடு சமமாக. பிடிக்க ஒரு மில்லிமீட்டர்கூட மிச்சமில்லை.

புது காலிப்பர் வாங்கலாம் என்றால், ஃபோர்டு 2021-இல் இங்கே உற்பத்தியை நிறுத்துவதாக அறிவித்த பிறகு இந்த மாதிரிப் பழைய மாடலுக்கு எல்லாச் சாமானும் தேடல்தான். ஒரு கடைக்காரர் "ரெண்டு நாளில் வரும்" என்று பதினொரு நாள் சொன்னார். பன்னிரண்டாவது நாள் ஃபோனை எடுக்கவில்லை. அதற்குப் பிறகுதான் லேத் பட்டறைக்குப் போனோம். அங்கே ஒரு அண்ணாச்சி ஒடிந்த துண்டின் மேல் ஒரு நட்டை வைத்து, நடு ஓட்டை வழியாக வெல்டிங் வைத்தார். அந்தச் சூட்டிலேயே துரு இளகிவிடுமாம். கொஞ்சம் ஆறவிட்டு ஸ்பானரைப் போட்டுத் திருப்பினார், ஆணி பிடுங்குவது போல வந்துவிட்டது. கூலி 400 ரூபாய். பன்னிரண்டு நாள் காத்திருந்ததை நினைத்து அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை.

இதைச் செய்வதற்கு முன் காலிப்பரைக் கழற்றி, ஆயிலை வடித்துத் துடைத்து, பிஸ்டனையும் ரப்பர் சீலையும் எடுத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் சீல் வெந்துவிடும். புது சீல் செட் மதுரையில் இருந்து பஸ் பார்சலில் வரவழைத்தேன். வடசேரி பஸ் ஸ்டாண்டில் காத்திருந்து வாங்கிவந்து பார்த்தால் அளவு தப்பு. பிஸ்டனை அளந்து அந்த எண்ணைச் சொல்லிக் கேட்டிருக்க வேண்டும். மாடல் பெயரை மட்டும் சொன்னது என் தப்பு. மறுபடி பார்சல், மறுபடி வடசேரி.

ஆயிலை மாற்றியது ஒரு மணி நேர வேலை. சீல் உடைக்காத புட்டி வாங்குங்கள். திறந்து மிச்சம் வைத்ததை அடுத்த தடவைக்கு என்று பத்திரப்படுத்தாதீர்கள், அதுவும் ஈரத்தைக் குடித்துக்கொண்டுதான் இருக்கும். வேகமான ஓட்டத்துக்கு டாட் 5.1 போடலாம். ஆனால் டாட் 5 என்பது வேறு ஜாதி, சிலிகான். பெயர் ஒத்திருக்கிறது என்று கலந்துவிட்டால் மொத்தமும் கழுவ வேண்டிவரும்.

கணக்கு: ஹெல்மெட், பழைய வீலில் போன 5,000 எல்லாம் சேர்த்து 51,000 சொச்சம். பெட்ரோலும் டிராக் கட்டணமும் இதில் இல்லை. இரண்டு பயணத்துக்கும் பெட்ரோல் மட்டும் 18,000 தாண்டியது. கோவைக்காரர்கள் மேல் பொறாமையாக இருக்கிறது.

இரண்டாவது தடவை கொக்கியை முன்பே மாட்டிக்கொண்டு போனேன். நாலு சுற்று ஓட்டி, ஒரு சுற்று பிரேக்கே தொடாமல் ஆறவிட்டு, பிட்டுக்கு வந்தேன். வந்ததும் ஹேண்ட் பிரேக் போடவில்லை. சூட்டில் பின் டிரம்மில் ஷூ ஒட்டிக்கொள்ளும். கியரில் விட்டு, சக்கரத்துக்குக் கல் வைத்தேன். டயர் காற்று 30-இல் தொடங்கியது 37-க்கு ஏறியிருந்தது, கொஞ்சம் இறக்கினேன். வீல் நட்டுகளை ஒருமுறை சரிபார்த்தேன், ஒன்று இன்னும் கால் சுற்று இறுகியது. நாலு செஷனும் ஓட்டினேன். மிதி காலையில் இருந்த உயரத்திலேயே மாலையிலும் இருந்தது.

பிட்டில் இருந்தே ஆசானைக் கூப்பிட்டேன்.

"நின்னுச்சா?" என்றார்.

"நின்னுச்சு ஆசானே, எல்லா வளைவுலயும்."

"செரி மக்கா. வாற வழியில பழனியில ஏறி, ஒரு டப்பா பஞ்சாமிர்தம் வாங்கிட்டு வா."