காய்ச்சல் தின்ற பேர்கள்

2025 ஜூன் மாதச் சம்பளத் துண்டை அண்ணி என் கையில் கொடுத்து, "எத்தன பேரு விழுந்திருக்குன்னு பாருங்க தம்பி" என்றார். தேயிலைத் தோட்டத்துக்கு வெளியே வாழ்பவர்களுக்காகச் சொல்கிறேன்: செக்ரோல் என்னும் வேலைப் பதிவேட்டில் ஒரு நாள் வேலை பதிவானால் அது ஒரு பேர், பறித்த கொழுந்தின் நிறை குறைந்தால் அரைப்பேர், காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்கு வராதவருக்கு ஒன்றுமில்லை. அந்தத் துண்டில் ஆறு நாட்களுக்குப் பேரே விழவில்லை. நான்கு நாட்கள் அரைப்பேராக விழுந்திருந்தன.

எங்கள் வீட்டில் காய்ச்சலைக் கொண்டுவந்தவள் பள்ளிக்கூடம் போகும் அண்ணன் மகள். இரண்டு நாளில் அண்ணியும், பிறகு அண்ணனும், கடைசியாக அம்மாவும் படுத்துவிட்டார்கள். நாம் எல்லாவற்றையும் தடிமல் காய்ச்சல் என்றே சொல்லிப் பழகிவிட்டோம். ஆனால் மூக்கொழுகலோடு மெல்ல வரும் தடிமல் வேறு, காலையில் கூடை சுமந்து போனவரை மத்தியானத்துக்குள் உடம்பெல்லாம் அடித்துப் போட்டதுபோலச் சுருட்டிவிடும் இன்ஃபுளுவென்சா வேறு. இலங்கையில் அது பெரும்பாலும் ஏப்ரல் முதல் ஜூன் வரையிலும், பின்னர் நவம்பர் முதல் ஜனவரி வரையிலும் என ஆண்டுக்கு இருமுறை தலைதூக்குகிறது. ஜூனில் தென்மேல் பருவக்காற்று அடிக்கும்போது லயம் என்னும் எங்கள் தொடர்வீடுகளில் யாரும் ஜன்னலைத் திறப்பதில்லை என்பதால், அடுப்புப் புகையும் ஐந்தாறு பேரின் மூச்சும் காம்பரா என்னும் ஒரே அறைக்குள் சுற்றிக்கொண்டிருக்கும். அங்கே ஒருவர் இருமினால் மற்றவர் தப்புவது அரிது.

நீரிழிவுள்ள அம்மாவுக்கு மூச்சு வாங்கத் தொடங்கியதும் ஓட்டோ பிடித்து அரச மருத்துவமனைக்குக் கொண்டுபோனோம். அவரிடம் எடுத்த மாதிரி கொழும்பு மருத்துவ ஆராய்ச்சி நிறுவனத்துக்குப் போய், இன்ஃபுளுவென்சா ஏ என்று முடிவு வந்தபோது அவர் வீட்டுக்குத் திரும்பிவிட்டிருந்தார். மற்ற மூவரையும் யாரும் பரிசோதிக்கவில்லை. மல்லித் தண்ணியும் பெனடோல் மாத்திரையும் குடித்துப் படுத்திருந்தவர்கள் எந்தக் கணக்கிலும் ஏறமாட்டார்கள். உலகில் ஆண்டுதோறும் ஏறத்தாழ 100 கோடிப் பேருக்கு இக்காய்ச்சல் வருவதாகவும், 290,000 முதல் 650,000 பேர் வரை இதனால் உண்டாகும் சுவாசக் கோளாறுகளால் இறப்பதாகவும் உலக சுகாதார நிறுவனம் மதிப்பிடுகிறது. அம்மாவைப் போன்ற முதியவர்களும், ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளும், கர்ப்பிணிகளும் அதிக ஆபத்தில் இருப்பவர்களில் அடங்குவார்கள்.

மருந்துக்கு எங்களுக்குச் செலவில்லை. அரச மருத்துவம் இலவசம். அதனாலேயே இந்நோய்க்கு விலை இல்லை என்று பலர் நினைத்துவிடுகிறார்கள் போலும். 2024 செப்டம்பரில் நிர்ணயித்த அடிப்படை நாட்சம்பளம் அப்போது 1350 ரூபாயாக இருந்தது. ஆறு முழுப் பேருக்கு 8100 ரூபாய், நான்கு அரைப்பேரில் குறைந்தது 2700 ரூபாய். ஆக, அண்ணிக்கு மட்டும் 10,800 ரூபாய் இல்லை. அந்தத் தொகைக்குத் தொழில்தருநர் கட்ட வேண்டிய ஊழியர் சேமலாப நிதி 12 வீதமும் நம்பிக்கைப் பொறுப்பு நிதி 3 வீதமும், அதாவது இன்னொரு 1620 ரூபாயும், சேரவில்லை. அண்ணன் இழந்ததையும் ஓட்டோக் கூலியையும் இதில் நான் சேர்க்கவில்லை.

என்னை அதிகம் யோசிக்க வைத்தவை அந்த நான்கு அரைப்பேர்கள். காய்ச்சல் விட்ட மறுநாளே அண்ணி கொழுந்து பறிக்கும் மலைக்குப் போய்விட்டார். காய்ச்சல் நான்கைந்து நாளில் விட்டாலும் இருமலும் அசதியும் இரண்டு வாரத்துக்கு மேலும் நீடிக்கக்கூடும். அந்த உடம்போடு ஏற்றத்தில் நின்று எடுத்த கொழுந்து நிறைக்கு வரவில்லை. அறிகுறி தோன்றுவதற்கு ஒரு நாள் முன்பிருந்து, தோன்றிய பின் ஐந்து முதல் ஏழு நாட்கள் வரை ஒருவரிடமிருந்து வைரஸ் பிறருக்குத் தொற்றலாம் என்பதால், பேர் போய்விடுமே என்று முந்திப் போகிறவர் கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் வரிசையில் நிற்கிற அடுத்தவரின் பேரையும் சேர்த்துத்தான் கெடுக்கிறார். அதற்காக அண்ணியை நான் குறை சொல்லமாட்டேன். படுத்திருந்தால் காசு இல்லை என்னும் ஏற்பாடுதான் அவரை எழுப்பி அனுப்பியது.

தடுப்பூசி உண்டு. வைரஸ் உருமாறிக்கொண்டே இருப்பதால் ஆண்டுதோறும் போட வேண்டும். நன்றாகப் பொருந்தும் ஆண்டுகளிலும், மருத்துவரைத் தேடிப் போகும் அளவுக்கான நோயை 40 முதல் 60 வீதம் வரைதான் குறைக்கும். நம் பிள்ளைகளுக்கான தேசியத் தடுப்பூசி அட்டவணையில் அது இல்லை. வேண்டுமானால் தனியாரிடம் பணம் கொடுத்துத்தான் போட்டுக்கொள்ள வேண்டும். வீட்டில் எல்லோருக்கும் முடியாவிட்டாலும் அம்மாவுக்காவது போடலாம் என்று சொல்லிப் பார்த்தேன். அண்ணி சம்பளத் துண்டை மடித்து, கடைக்காரரின் கொப்பிக்குள் வைத்தார். அந்தக் கொப்பியில் ஜூன் மாதக் கடன் மூன்றாம் பக்கத்துக்குப் போயிருந்தது.