மரபுப் பிழையாக ஒரு பானை

முப்பத்தொரு வருடம் தமிழாசிரியையாக இருந்தவள் நான். ‘குயவன் பானை செய்தான்’ என்று எழுதிய பிள்ளைகளுக்கு எத்தனை அரை மதிப்பெண்களை வெட்டியிருப்பேன் என்பதற்குக் கணக்கில்லை. கூடை முடைய வேண்டும், கூரை வேய வேண்டும், சுவர் எழுப்ப வேண்டும், பானை வனைய வேண்டும். சிவப்பு மையில் ‘வனைந்தான்’ என்று மேலே எழுதி, ஓரத்தில் ‘மரபு!’ என்று ஆச்சரியக்குறியும் போடுவேன். கடந்த ஜூலையில் பெங்களூரில், மின்சாரச் சக்கரம் ஒன்றின் முன்னால் முக்காலியில் உட்காரும்வரை, அந்த வினைச்சொல்லை நான் ஒரு தடவைகூடக் கையால் தொட்டதில்லை.

ஏற்பாடெல்லாம் தங்கையுடையது. இருபது வருடமாகக் குக் டவுனில் இருக்கிறாள். பணி ஓய்வுக்குப் பிறகு நான் வீட்டில் உட்கார்ந்து பால்காரரின் இலக்கணத்தைத் திருத்திக்கொண்டிருக்கிறேன் என்று கேள்விப்பட்டு, தன் வீட்டுப் பக்கத்தில் உள்ள சமூகக் கலைக்கூடத்தில் எனக்கும் தன் மகளுக்கும் பெயர் கொடுத்துவிட்டாள். சனிக்கிழமை மண், ஞாயிற்றுக்கிழமை கண்ணாடி. ஆளுக்கு 3,500 ரூபாய். “ஒரு பானைக்கா?” என்றேன். “பானைக்கு இல்லை அக்கா, அனுபவத்துக்கு” என்றாள். பெங்களூரில் இருபது வருடம் இருந்தால் இப்படிப் பேச வந்துவிடும் போலிருக்கிறது.

மதுரையிலிருந்து வந்தே பாரத் ரயில் 2024 ஆகஸ்டு கடைசியில் வந்தது. அதிகாலையில் ஏறினால் திண்டுக்கல், திருச்சி, கரூர், நாமக்கல், சேலம் என்று சுற்றி, மதியச் சாப்பாட்டு நேரத்துக்குப் பெங்களூர் கன்டோன்மென்டில் இறக்கிவிடுகிறது. எட்டு மணி நேரம் உட்கார்ந்தே வர வேண்டும் என்பதைத் தவிரக் குறை சொல்ல ஒன்றுமில்லை. மதுரையில் வியர்த்துக்கொண்டு ஏறியவள், கன்டோன்மென்டில் தூறலில் இறங்கினேன்.

கலைக்கூடம் என்றதும் நான் கண்ணாடிக் கட்டடம் எதையோ நினைத்திருந்தேன். அது ஒரு பழைய ஓட்டு வீடு. பின்கட்டில் தகரக் கொட்டகை, அதில் ஆறு சக்கரங்கள், மூலையில் பீரோ போல நின்ற மின்சூளை. எங்களோடு சேர்ந்து பதினொரு பேர். விமானப்படையில் இருந்து ஓய்வு பெற்ற பெரியவர், கணினித் துறைத் தம்பதி, பள்ளிப் பிள்ளைகள் சிலர். கற்றுக்கொடுத்த பெண் கன்னடத்தில் தொடங்கி, ஆங்கிலத்தில் விளக்கி, என்னைப் பார்த்ததும் தமிழுக்கு வந்தார்.

முதல் வேலை மண் பிசைவது. இதில் நான் தேறினேன். மதுரைக்காரிக்குப் பரோட்டா மாவு பிசையும் காட்சி கண்ணுக்குள்ளேயே இருக்கும். மண்ணுக்குள் காற்று தங்கக் கூடாது. பிசைந்த கட்டியைக் கம்பியால் இரண்டாக அறுத்து, உள்ளே ஊசித்துளை அளவு ஓட்டை தெரிந்தாலும் மறுபடி பிசையச் சொன்னார். அறுத்த முகம் சீராக இருந்தது. இனி எல்லாம் எளிது என்று நினைத்தேன்.

சக்கரத்தின் நடுவில் மண்ணை நிறுத்துவது என்று ஒன்று இருக்கிறது. சுழலும் கட்டி ஆடாமல் அசையாமல், சுழல்கிறதா நிற்கிறதா என்றே தெரியாதபடி நடுவில் அமர வேண்டும். முழங்கையைத் தொடையில் ஊன்றிக்கொண்டு, உள்ளங்கையால் அணைத்து அழுத்த வேண்டும். நான் அழுத்தினேன். மண் என்னைத் திருப்பி அழுத்தியது. கொஞ்சம் தண்ணீர் விட்டேன். வழுக்கிக்கொண்டு ஓரத்துக்குப் போனது. பக்கத்துச் சக்கரத்தில் தங்கையின் மகள், பதினைந்து வயதுக்காரி, அதற்குள் ஒரு கிண்ணத்தை எழுப்பியிருந்தாள். “பெரியம்மா, மண்ணோடு சண்டை போடாதீர்கள்” என்றாள். வகுப்பறையில் முப்பத்தொரு வருடம் சண்டை போட்டே பழகியவளிடம் சொல்கிற அறிவுரையா அது?

நான்காவது முயற்சியில் ஏதோ ஒன்று எழுந்து நின்றது. வாய் கோணல், ஒரு பக்கம் சுவர் கனம், மறுபக்கம் அப்பளம். திகிரி என்றால் அரசனின் ஆணைச் சக்கரம், குயவரின் சக்கரமும் அதுவே என்று எத்தனையோ தடவை கரும்பலகையில் எழுதியிருக்கிறேன். இந்தத் திகிரியில் என் ஆணை செல்லவில்லை.

மண்ணில் எனக்குப் பிடித்தது அதன் பொறுமை. கோணினால் உருட்டிவிட்டு மறுபடி தொடங்கலாம். காய்ந்து தோல் போல விறைத்த பதத்திலும் செதுக்கலாம், கைப்பிடி ஒட்டலாம். அதைவிடக் காய்ந்துபோனால்கூடத் தண்ணீரில் போட்டால் கரைந்து சேறாகிவிடும். சூளைக்குள் போன பிறகுதான் பேச்சு மாறுகிறது. நூறு டிகிரிக்குள் ஈரத் தண்ணீர் போய்விடும். அதை அவசரப்படுத்தினால் உள்ளே ஆவியாகிப் பானை வெடிக்கும். ஐந்நூறு டிகிரிக்கு மேல், மண்ணின் உடம்போடு பிணைந்திருக்கிற தண்ணீரும் வெளியேறுகிறது. 573 டிகிரியில் மணலின் படிகம் ஒரு துள்ளுத் துள்ளிப் பருமனாகும். ஏறும்போதும் இறங்கும்போதும் அந்த இடத்தை மெதுவாகக் கடக்க வேண்டும். ஆயிரம் டிகிரி வரை போய் வந்த பிறகு அதை எந்தத் தண்ணீராலும் கரைக்க முடியாது.

மகள் தன் கிண்ணத்தின் வயிற்றில் ஊசியால் பெயரைக் கீறினாள். எங்கள் ஊரிலிருந்து கொஞ்ச தூரத்தில் இருக்கிற கீழடி நினைவுக்கு வந்தது. கறுப்பு சிவப்புப் பானை ஓட்டில் தமிழி எழுத்தில் ‘ஆதன்’ என்று யாரோ கீறிவைத்துப் போயிருக்கிறார். அதே குழிகளில் கண்ணாடி மணிகளும் கிடைத்தன. மண்ணும் கண்ணாடியும் ஒரே வார இறுதியில் என்பது இந்தக் கலைக்கூடத்தின் கண்டுபிடிப்பு இல்லை என்று அவளிடம் சொன்னேன். அவள் காதில் விழுந்ததா தெரியவில்லை.

மாலையில் தங்கை என்னைப் பாட்டரி டவுனுக்கு அழைத்துப் போனாள். பெயரே மண்பாண்டம்தான். பென்சன் டவுனை ஒட்டிய சில சந்துகள். அந்தப் பெயரிலேயே சுரங்க மெட்ரோ நிலையமும் கட்டுகிறார்கள். அகல் விளக்குகள், தண்ணீர்ப் பானைகள், பூந்தொட்டிகள், சாமி பீடத்துக்கான யானைகள் எல்லாம் சுவரோரம் ஆள் உயரத்துக்கு அடுக்கிக் கிடந்தன. விநாயகர் சதுர்த்திக்கு இன்னும் சில வாரங்கள் இருந்ததால், தலை வைக்காத பிள்ளையார்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். பாரிஸ் சாந்துச் (பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ்) சிலைகளுக்கு மாசுக் கட்டுப்பாட்டு வாரியங்கள் தடை போட்ட பிறகு களிமண் பிள்ளையாரைத் தேடி வருகிறவர்கள் கூடியிருப்பதாகச் சொன்னார்கள். ஆனால் இந்த மழையில் எதுவும் காய்வதில்லை என்பதுதான் அங்கே எல்லோருடைய பேச்சும்.

ஒரு திண்ணையில் பெரியவர் ஒருவர் வேலையாக இருந்தார். எழுபது வயது இருக்கும். தாத்தா காலத்தில் தமிழகத்திலிருந்து வந்த குடும்பமாம். தமிழ் பேசினார், நடுநடுவே கன்னடமும் தெலுங்கும் விருந்தாளிகளாக வந்து போயின. நான் என் ஆராய்ச்சியைத் தொடங்கினேன்.

“ஐயா, எத்தனை வருடமாக வனைகிறீர்கள்?”

அவருக்குப் புரியவில்லை. தங்கை சைகை காட்டினாள்.

“ஓ, பானை செய்வதா? பன்னிரண்டு வயதிலிருந்து செய்கிறேனம்மா.”

என் சிவப்புப் பேனா கைப்பையில் இருந்தது. அது அங்கேயே இருந்துவிட்டது.

அதற்குப் பிறகு அவர் காட்டியதுதான் அந்த வார இறுதியின் உண்மையான வகுப்பு. தண்ணீர்ப் பானை முழுவதும் சக்கரத்தில் வருவதில்லை. கழுத்தும் தோளும் சக்கரத்தில் வருகின்றன. அடிப்பக்கம் கனமாக, சில சமயம் திறந்தே இருக்கிறது. கொஞ்சம் காய்ந்த பிறகு மடியில் வைத்து, உள்ளே உருண்டைக் கல்லை அணைகொடுத்து, வெளியே மரப்பலகையால் தட்டித் தட்டி அடியை உருட்டி மூடுகிறார்கள். ஒவ்வொரு தட்டுக்கும் பானை ஒரு நூல் அளவு திரும்புகிறது. தட்டும் ஓசை மாறுவதை வைத்தே சுவர் எவ்வளவு மெலிந்திருக்கிறது என்று அவருக்குத் தெரிகிறது. “சக்கரத்தில் பாதி, தட்டிப் பாதி” என்றார். நான் தாளில் திருத்திய ‘வனைந்தான்’ அந்தப் பாதியில் எந்தப் பாதி என்று யோசித்துக்கொண்டு நின்றேன்.

மண் எங்கிருந்து வருகிறது என்று கேட்டேன். ஊருக்கு வெளியே, லாரிக்காரர் கேட்கிற விலைக்கு என்றார். முன்பு ஏரி மண். ஏரிகளைப் பற்றி அவர் அலுத்துக்கொண்டதற்குக் காரணம் உண்டு: சம்பங்கி ஏரி இருந்த இடத்தில் கண்டீரவா மைதானம் இருக்கிறது, தர்மாம்புதி ஏரியின் மேல்தான் மெஜஸ்டிக் பேருந்து நிலையம் நிற்கிறது. ஒரு பானை வாங்கினேன். 250 ரூபாய். 3,500 ரூபாய்க்கு என் கோணல் கிண்ணம் என்பதை நினைத்து, பேரம் பேசவில்லை.

ஞாயிறு காலையில் கலைக்கூடத்துக்கு முன்னால் சிவாஜி நகர் புனித மரியன்னை பசிலிக்கா. செஞ்சிப் பக்கத்திலிருந்து வந்து குடியேறிய தமிழ்க் கிறிஸ்தவர்களிடம் தொடங்கிய கோயில் அது. இப்போதுள்ள கோதிக் கட்டடம் 1882-இல் முடிந்தது. அதன் வண்ணக் கண்ணாடி ஜன்னல்களை இரண்டாம் உலகப் போரின்போது கழற்றிப் பத்திரப்படுத்திவிட்டு, 1947-இல் மறுபடி பொருத்தியிருக்கிறார்கள். தமிழ்ப் பூசை முடிந்த கூட்டத்தில் நின்று அண்ணாந்து பார்த்தேன். கண்ணாடிக்கு நீலம் தருவது கோபால்ட், மஞ்சளுக்கு வெள்ளி என்று பிறகு வகுப்பில் சொன்னார்கள். துண்டுகளைக் கோத்து நிறுத்துவது ஈயப் பட்டை. தெரிந்துகொண்டு போயிருந்தால் இன்னும் கொஞ்ச நேரம் நின்றிருப்பேன்.

கண்ணாடி வகுப்பு மண்ணுக்கு நேர் எதிர். பேச்சு குறைவு, கண்ணுக்கு மூக்குக்கண்ணாடி போன்ற காப்பு, காலில் மூடிய செருப்பு. சின்னச் சக்கரம் பொருத்திய அறுப்பு உளியை மண்ணெண்ணெயில் நனைத்து, ஒரே இழுப்பில் கீற வேண்டும். பட்டுத் துணி கிழிவதுபோல ஓசை வந்தால் சரி. கீறிய கோட்டின் மேல் இரண்டாவது தடவை போகக் கூடாது. ஆற வைக்கவும் கூடாது. உடனே இரண்டு கையாலும் பிடித்து, சாக்லெட் முறிப்பதுபோல முறிக்க வேண்டும். என் முதல் துண்டு கோட்டைவிட்டுத் தன் இஷ்டத்துக்கு ஓடியது.

“பெரியம்மா, கண்ணாடிக்கு மரபுச் சொல் என்ன?” என்றாள் மகள். “வெட்டுவதா, அறுப்பதா?”

சொல்ல வாயெடுத்தேன். கற்றுக்கொடுத்தவர் குறுக்கிட்டார். கண்ணாடியை யாரும் வெட்டுவதில்லையாம். கீறல் போட்டு, அது எங்கே உடைய வேண்டும் என்று சொல்லிக்கொடுக்கிறோம், அவ்வளவுதான் என்றார். இலக்கண நூல்களில் இதற்கு இடமில்லை.

வண்ணத் துண்டுகளை அடுக்கிச் சூளையில் வைத்தால் எண்ணூறு டிகிரியை நெருங்கும்போது ஒன்றோடொன்று உருகிச் சேர்ந்துகொள்ளும். மண்ணுக்குக் கதவடைப்பது போன்ற சூடு, கண்ணாடிக்கு மறுபடி திறக்கிறது. ஆறும்போதுதான் ஆபத்து. ஐந்நூறு டிகிரிச் சுமாரில் நீண்ட நேரம் நிறுத்தி, உள்ளிருக்கும் இறுக்கத்தைத் தளர்த்தி, இரவு முழுக்க இறக்குகிறார்கள். எல்லாத் துண்டுகளும் ஒரே அளவு விரிந்து ஒரே அளவு சுருங்கும் கண்ணாடியாக இருக்க வேண்டும் என்பது கண்டிப்பு. மண்பாண்டத்தின் மேல் பூசுகிற பளபளப்பும் மெல்லிய கண்ணாடிதான், அது அடி மண்ணோடு ஒத்துச் சுருங்காவிட்டால் தலைமுடி போல விரிசல் விடும் என்றும் சொன்னார்.

இதையெல்லாம் காதால் கேட்ட பிறகும், கைப்பையிலிருந்து தகர டப்பாவை எடுத்தேன். அம்மாவின் பச்சை வளையல் துண்டுகள். அம்மா போன பிறகு அலமாரியில் கிடந்தவை. இதற்காகவே ஊரிலிருந்து கொண்டுவந்திருந்தேன். வேண்டாம் என்றார். விரிசல் விடும் என்று எச்சரித்தார். வைத்தேன். வயதானவர்களை ஓரளவுக்கு மேல் யாரும் தடுப்பதில்லை.

திரும்பும் ரயிலில் பெரியவரின் பானை என் மடியில் வந்தது. மேலே வைக்க மனமில்லை. டிக்கெட் பரிசோதகர் அதைப் பார்த்துவிட்டு, பெங்களூரிலிருந்து மதுரைக்குப் பானையா என்பதுபோல ஒரு பார்வை பார்த்தார். மண்பாண்டத்துக்குப் பேர்போன மானாமதுரை எங்களுக்குப் பக்கத்து ஊர் என்பது அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

எங்கள் பொருள்கள் சூளையிலிருந்து வர மூன்று வாரம் ஆயிற்று. தங்கை படம் அனுப்பினாள். என் கிண்ணத்தின் அடியில் ‘ட’ போல ஒரு விரிசல், தண்ணீர் நிற்காது. கண்ணாடி ஓட்டில், சொன்னபடியே, வளையல் துண்டுகளைச் சுற்றி நகம் நகமாகக் கீறல்கள், ஒன்று மட்டும் ஓரம்வரை ஓடியிருந்தது. தூக்கிப் போட்டுவிடட்டுமா என்று கேட்டிருந்தாள். வேண்டாம் என்று பதில் போட்டேன்.

தீபாவளிக்கு வந்த மகள் இரண்டையும் பழைய துண்டில் சுற்றிக் கொண்டுவந்தாள். அடுப்படியில் பெரியவரின் பானை வியர்த்துக்கொண்டு நின்றது. கண்ணாடியை ஜன்னலில் சாய்த்து வைத்துவிட்டு, பானையிலிருந்து ஒரு டம்ளர் தண்ணீர் மொண்டு குடித்தாள்.

“கண்ணாடிக்குச் சொல் கிடைத்ததா பெரியம்மா?”

“இன்னும் இல்லை. பானைக்குத்தான் இன்னொன்று கிடைத்திருக்கிறது” என்றேன்.