பத்து நிமிடத்தில் அணைந்த புரொஜெக்டர்

பள்ளத்தூர் வீட்டில் இருக்கும் பழைய எல்சிடி புரொஜெக்டரில் ஐயாவின் சாந்திக் கல்யாண வீடியோவைப் போட்டால், பத்து நிமிடத்தில் பொட்டென்று அணைந்துவிடும். காற்றாடி மட்டும் இரைந்துகொண்டே இருக்கும். கடையில் காட்டினோம். "பல்பு போயிருச்சுண்ணே, புதுசு போட்டுருங்க" என்றார்கள். பழைய மாடலுக்குப் பல்பு கிடைப்பதே பாடு. விலையோ, இன்னும் கொஞ்சம் போட்டால் சின்னதாகப் புது புரொஜெக்டரே வாங்கிவிடலாம் என்கிற அளவில் இருந்தது.

எனக்கு நம்பிக்கை வரவில்லை. பல்பு போகப் போகிறதென்றால் பெரும்பாலும் வெளிச்சம் மங்கும், படம் படபடக்கும். இதில் கடைசி நொடிவரை பளிச்சென்று இருந்தது. அணைந்ததும் எரிந்தது சூட்டைக் காட்டும் 'டெம்ப்' விளக்கு, 'லேம்ப்' விளக்கு அல்ல. மெனுவில் பல்பு ஓடிய நேரம் ஆயிரம் மணியைக்கூடத் தொடவில்லை. இந்த வகைப் பாதரச விளக்கு சாதாரணமாக 2000 மணி நேரமாவது தாங்கும். அப்படியென்றால் கோளாறு சூட்டில்தான்.

பிளக்கைப் பிடுங்கி, நன்றாக ஆறவிட்டு ஃபில்டர் மூடியைக் கழற்றினேன். நடுவில் முற்றம் திறந்த வீடு, சுற்றிலும் செம்மண். ஃபில்டரில் தூசி செங்காவி நிறத்தில் அப்பியிருந்தது, விரலால் வழித்தால் திரியாகச் சுருண்டு வந்தது. மென்மையான பிரஷ்ஷால் தட்டினேன். காற்றாடியை ஊதும்போது இறக்கையை ஈர்க்குச்சியால் பிடித்துக்கொள்ள வேண்டும்; ஊதுகிற வேகத்தில் சுழன்றால் பேரிங் கெட்டுவிடும். பல்பின் கண்ணாடியில் மட்டும் கை படவே கூடாது.

எல்லாம் மாட்டி ஸ்விட்சைப் போட்டால், பல்பு எரியவே இல்லை! கொஞ்சம் வயிற்றைக் கலக்கியது. பல்பு மூடிக்கு உள்ளே ஒரு குட்டி ஸ்விட்ச் உண்டு, மூடி சரியாக உட்காராவிட்டால் பல்புக்குக் கரண்ட் போகாது. திருகை இன்னொரு சுற்று முறுக்கியதும் சரியாகிவிட்டது. அன்று படம் முழுக்க ஓடியது.

அப்புறம்தான் சுவர் தகராறு. செட்டிநாட்டு வீட்டின் வழவழப்பான சுண்ணாம்புப் பூச்சு திரைக்கு ஆகாது. நடுவில் வெள்ளையாக ஒரு வட்டம் அடித்து, ஐயா முகமே தெரியவில்லை. "சுவத்துல முகம் பாக்கலாம்னு பெருமையடிச்சீகளே, பாருங்க" என்றார் அப்பத்தா. எட்டு முழ வேட்டியை இழுத்துக் கட்டினோம், பளபளப்பு போய்விட்டது.

மூலையில் ஒரு மஞ்சள் கறை மட்டும் இருக்கிறது. உள்ளே ஒளியை வடிகட்டும் போலரைசர் தகடு சூட்டில் வெந்ததால் வந்தது, துடைத்தால் போகாது. அதைப் பிரித்துச் செலவு செய்வது வீண் என்று விட்டுவிட்டேன்.

இப்போது யூபிஎஸ் வழியாகத்தான் கரண்ட் கொடுக்கிறோம். பல்பே 200 வாட் என்பதால் மோடத்துக்கு வைக்கிற குட்டி யூபிஎஸ் தாங்காது. ஓடும்போது கரண்ட் போனால் முறையாக அணைத்துவிட்டு, காற்றாடி தானாக நிற்கும்வரை யாரும் பிளக்கைத் தொடுவதில்லை.